வறண்ட கோடையில் கோழியும் கொல்லையும்

தமிழ்நாட்டில் ஓராண்டில் பெய்யும் மழையில் ஏறக்குறைய பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்றின்போதே பெய்து முடிந்துவிடுகிறது. தை பிறந்த பிறகு, சித்திரையில் எப்போதாவது இடியோடு வந்து போகும் கோடைமழையைத் தவிர, உள்மாவட்டங்களின் நிலம் ஆடி வரையிலும் கார்த்திகையில் சேர்த்துவைத்த ஈரத்தைக் கொண்டே காலந்தள்ள வேண்டியிருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவுப் பகுதியில், அதாவது தென்மேற்குப் பருவக்காற்று தன் ஈரத்தை மலைக்கு அப்பால் இறக்கிவிட்டு வறண்ட காற்றாக வந்து சேரும் கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் வட்டாரங்களில், ஆயிரம் அடி ஆழம் போன ஆழ்துளைக் கிணறுகளும் பங்குனி கடைசியில் விட்டுவிட்டுத்தான் நீர் இறைக்கின்றன. 2016ஆம் ஆண்டைப் போல வடகிழக்குப் பருவமழை 60 விழுக்காட்டுக்கும் மேல் பொய்த்துவிட்டால், அதன் வலி முழுவதும் அடுத்த கோடையில்தான் தெரியவரும். 2017 ஜனவரியில் மாநிலத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டதற்கு அந்தப் பொய்த்த மழையே காரணம். மே மாதத் தொடக்கத்தில் பிறந்து மாதக் கடைசி வரை நீளும் கத்திரி வெயிலை, வீட்டின் பின்புறத்தில் நாலைந்து பாத்திக் காய்கறியும் பத்து நாட்டுக்கோழியும் வைத்திருக்கும் குடும்பம் எப்படிக் கடக்கிறது என்பது, வெயில் வந்த பிறகு செய்யும் வேலைகளைவிட, அதற்கு மூன்று மாதங்களுக்கு முன் செய்துவைத்த வேலைகளையே பெரிதும் சார்ந்திருக்கிறது.

கோடை நெருங்கியதும் முதலில் எழும் கவலை தண்ணீரைப் பற்றியதே. அந்தக் கவலை நியாயமானதுதான். ஆனால் வீட்டுத் தண்ணீர் எதற்கு எவ்வளவு செலவாகிறது என்று கணக்குப் பார்ப்போர் குறைவு. ஏப்ரல், மே மாதங்களில் உள்மாவட்டங்களின் திறந்த நீர்ப்பரப்பிலிருந்து நாளொன்றுக்கு 6 முதல் 8 மில்லிமீட்டர் வரை நீர் ஆவியாகிறது. இலை அடர்ந்து மூடிய காய்கறிப் பாத்தியும் ஏறத்தாழ அதே அளவைக் குடிக்கும். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் உயரம் நிற்கும் நீர் ஒரு லிட்டர் ஆகையால், 40 சதுர மீட்டர் கொண்ட ஒரு சென்ட் நிலத்துக்கு நாள்தோறும் 280 லிட்டர், அதாவது 15 லிட்டர் பிடிக்கும் குடத்தில் பதினெட்டுக் குடத்துக்கு மேல், ஊற்ற வேண்டியிருக்கும். பத்து நாட்டுக்கோழிகளோ கொளுத்தும் வெயிலிலும் நாலைந்து லிட்டருக்கு மேல் குடிப்பதில்லை. எனவே நீர் தட்டுப்படும்போது கோழிகளைக் குறைக்க நினைப்பது பலன் தராத சிக்கனம். குறைக்க வேண்டியது பாத்தியின் பரப்பு. ஒரு சென்ட் முழுவதையும் அரைகுறையாக நனைத்து எதுவும் காய்க்காமல் நிற்பதைவிட, கால் சென்ட்டை மட்டும் வைத்துக்கொண்டு அதை நன்றாக நனைத்து, மற்றதைச் சருகு போர்த்தி ஆடி வரை தரிசாக விடுவது அறிவுடைய செயல். கோழிக்கும் செடிக்கும் பொதுவான பகை வெப்பம் என்பதாலும், வெப்பத்தைக் குறைத்தால் தண்ணீரின் தேவையும் தானாகக் குறையும் என்பதாலும், புழக்கடையில் முதல் செலவு நிழலுக்கே செய்யப்பட வேண்டும்.

கோழியின் உடல் அமைப்பைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். அதன் இயல்பான உடல் வெப்பமே 41 டிகிரி செல்சியசைத் தாண்டியது. மனிதரைப் போல வியர்த்து உடலைக் குளிர்விக்க அதற்கு வியர்வைச் சுரப்பிகள் கிடையா. சுற்றுப்புற வெப்பம் 30 டிகிரியைத் தாண்டும்போது அது இறக்கைகளை உடலிலிருந்து விலக்கி வைத்து, இறகற்ற கொண்டை, தாடை, கால்கள் ஆகியவற்றுக்குக் கூடுதல் இரத்தத்தை அனுப்பி, அவற்றின் வழியாக வெப்பத்தை வெளியேற்றப் பார்க்கிறது. காற்றே உடலளவு சூடாகிவிட்ட நேரத்தில் அந்த வழி அடைபட்டுப்போவதால், எஞ்சியிருப்பது அலகைத் திறந்து இரைப்பது ஒன்றுதான். இயல்பாக நிமிடத்துக்கு முப்பது முறை அளவில் மூச்சுவிடும் கோழி, கடும் வெப்பத்தில் 150 முறைக்கும் மேல் இரைக்கிறது. மூச்சுக்குழாயின் ஈரப்பரப்பிலிருந்து ஆவியாகும் ஒவ்வொரு கிராம் நீரும் உடலிலிருந்து ஏறக்குறைய 580 கலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. இவ்வளவுக்குப் பிறகும் உடல் வெப்பம் ஏறி 46, 47 டிகிரியைத் தொடுமானால் கோழி பிழைப்பதில்லை. கொழுத்த பெட்டைகளும் இறகு அடர்ந்த பெரிய சேவல்களும் முதலில் விழுவதும், கழுத்தில் இறகே இல்லாத நாட்டு இனங்கள் அதே கொல்லையில் சாதாரணமாக மேய்ந்துகொண்டிருப்பதும் இதனால்தான். கழுத்தை மொட்டையாக்கும் மரபணு கழுத்தோடு நிற்காமல் உடல் முழுவதிலும் இறகின் அளவை 20 முதல் 40 விழுக்காடு வரை குறைத்துவிடுகிறது. பார்வைக்கு அழகில்லை என்று இக்கோழிகளை ஒதுக்குவோர், வறண்ட ஊருக்கு மிகவும் பொருந்திய ஒன்றை ஒதுக்குகிறார்கள்.

வீட்டுக்கோழியின் முதன்மையான மூதாதை செங்காட்டுக்கோழி. தென்னிந்திய மலைக்காடுகளில் வாழும் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்தும் அதற்கு ஒரு பங்கு வந்திருக்கிறது. பல வீட்டுக்கோழிகளில் காணப்படும் மஞ்சள் தோலுக்கான மரபணு அந்தச் சாம்பல் காட்டுக்கோழியிலிருந்து வந்தது என்பதை 2008இல் வெளியான ஆய்வு காட்டியது. இரண்டுமே மூங்கில் புதரிலும் மரத்தடியிலும் சருகைக் கிளறி வாழ்பவை, வெட்டவெளியை நாடாதவை. சிமென்ட் பூசிய முற்றத்தையும், கம்பிவலை அடித்த மொட்டை நிலத்தையும் கோழிக்கு விட்டுவிட்டு, நிழல் முழுவதையும் செடிகளுக்கு ஒதுக்கும் இன்றைய வீட்டு அமைப்பு அதன் இயல்புக்கு நேர் மாறானது.

நிழலுக்கு வேம்பும் புங்கமும் முதலிடம் பெறத் தக்கவை. இவ்விரு மரங்களும் மாசி, பங்குனியில் பழைய இலையை உதிர்த்து, வெயில் உச்சத்துக்கு வருவதற்குள் புதுத்தழை விட்டு நிழலை மூடிவிடுகின்றன. உதிர்ந்த இலையோ பாத்திக்குப் போர்வையாகிறது. மாசியில் தெருவெங்கும் சருகைக் கூட்டித் தீவைக்கும் வழக்கம், இரண்டு மாதங்களில் தேவைப்படப்போகும் பொருளைச் சாம்பலாக்கும் வழக்கம் என்பதை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. மரம் வளரக் காத்திருக்க இயலாத சிறிய மனைகளில் முருங்கையும் அகத்தியும் ஓராண்டுக்குள் தலைக்கு மேல் எழுந்துவிடும். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி உருவாக்கிய பி.கே.எம்-1 போன்ற செடிமுருங்கை விதைத்த ஆறேழு மாதத்தில் காய்ப்புக்கு வருவது. அதன் மெல்லிய நிழல் கீழே உள்ள கீரையைக் கருகவிடாமல் காக்கும், ஆனால் வெளிச்சத்தை அடைத்துவிடாது. இன்னும் விரைவாக வேண்டுமென்றால் பந்தல்தான் வழி. தை மாதத்தில் வேலிக்கு அந்தப் பக்கம், தோட்டத்து மண்ணில், சுரையும் பீர்க்கும் ஊன்றிக் கொடியை இந்தப் பக்கம் கோழிகள் உலவும் இடத்துக்கு மேலே ஏற்றிவிட்டால், சித்திரைக்குள் பந்தல் மூடிவிடும். வேர் கோழியின் காலுக்கு எட்டாமலும், இலை கோழிக்குக் குடையாகவும், காய் வீட்டுக்கு உணவாகவும் அமைகிற இந்த ஏற்பாட்டில் ஒரே தண்ணீர் மூன்று வேலை செய்கிறது. இலையிலிருந்து ஆவியாகும் நீர் பந்தலடிக் காற்றைக் குளிர்விப்பதால், தகரக் கொட்டகையின் நிழலும் கொடிப்பந்தலின் நிழலும் ஒன்றாகிவிடுவதில்லை.

கூண்டுக்கும் இதே நியாயம் பொருந்தும். நீளவாக்கு கிழக்கு மேற்காக அமைந்த கூண்டில் காலை வெயிலும் மாலை வெயிலும் குறுகிய பக்கங்களில் மட்டுமே விழும். தென்னங்கீற்றோ பனையோலையோ வேய்ந்த கூரைக்கு நிகரில்லை. தகரமோ கல்நார்த் தகடோ போட்டுவிட்டவர்கள் அதன் மேல் சுண்ணாம்பு அடித்து, வைக்கோல் பரப்பிவிடுவது நல்ல பலன் தரும். பகலைவிட இரவைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பகல் முழுதும் ஏறிய வெப்பத்தைக் கோழி இறக்கி வைப்பது இரவில்தான் என்பதால், கீரிக்கும் மரநாய்க்கும் பயந்து நாலு பக்கமும் பலகை அடித்த கூண்டில் நெருக்கி அடைத்தால், விடியும்போதே அது களைத்துப்போய் வெளியே வரும். இரண்டு பக்கமாவது நெருங்கிய கம்பிவலையாக இருந்து காற்று ஊடுருவ வேண்டும். குஞ்சுகளைக் கவிழ்த்து மூடும் பஞ்சாரமும், காற்றோட்டத்தைப் பொறுத்தவரை, பிளாஸ்டிக் கூடையைவிடப் பலமடங்கு மேலானது.

தண்ணீர் தெளித்துக் குளிர்விக்கும் முறையைப் பற்றி ஓர் எச்சரிக்கை தேவை. கரூர், நாமக்கல், திருச்சி போன்ற உள்நாட்டு ஊர்களின் பிற்பகல் காற்று வறண்டது. அங்கே கூரையின் மேல் ஈரச் சாக்கு விரிப்பதும், தரையில் நீர் தெளிப்பதும், தெளித்த நீர் விரைவில் ஆவியாவதால், உண்மையிலேயே வெப்பத்தைக் குறைக்கின்றன. சென்னை, கடலூர், நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் காற்றே ஈரம் நிறைந்தது. ஈரம் நிறைந்த காற்றில் நீர் எளிதில் ஆவியாகாது என்பதால் இரைக்கும் கோழியின் மூச்சும் அங்கே போதிய குளிர்ச்சி தருவதில்லை. மேலும் நீர் தெளித்தால் அதன் இக்கட்டு கூடவே செய்யும். கடற்கரை ஊர்க்காரர் நம்ப வேண்டியது காற்றோட்டத்தை: நண்பகலுக்குப் பின் கிழக்கிலிருந்து எழும் கடற்காற்றுக்குக் கூண்டின் முகம் திறந்திருந்தால் அதுவே பாதி மருந்து.

தீவனம் எவ்வளவு என்பதைவிட எப்போது என்பது கோடையில் முக்கியமாகிறது. உண்ட இரை செரிக்கும்போது உடலில் கூடுதல் வெப்பம் பிறக்கிறது. இது இரை எடுத்த சில மணி நேரத்துக்குப் பின் உச்சத்தை அடைவதால், காலை ஒன்பது, பத்து மணிக்குத் தின்ற கம்பும் சோளமும் சரியாக உச்சி வெயிலில் உள்ளிருந்து சூடேற்றும். ஆகவே விடியற்காலையிலும் பொழுது சாய்ந்த பின்னும் தானியம் போட்டு, நடுப்பகலில் அகத்தி, முருங்கை, கீரைத்தண்டு போன்ற பசுந்தழையைக் கட்டித் தொங்கவிடுவதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. முட்டையின் ஓடு மெலிவதும் இந்த வெப்பத்தின் விளைவுதான். கோழி இடைவிடாமல் இரைக்கும்போது இரத்தத்திலிருந்து கரிவளி அளவுக்கு மீறி வெளியேறிவிடுகிறது. அதனால் இரத்தம் காரத்தன்மை ஏறி, ஓடு கட்டத் தேவையான கார்பனேட்டும் கால்சியமும் கருப்பைக்குப் போதிய அளவு கிடைக்காமல் போகின்றன. ஓட்டின் பெரும்பகுதி இரவில் உருவாகிறது என்பதால், கிளிஞ்சல் தூளையோ நன்கு காயவைத்துப் பொடித்த முட்டையோட்டையோ மாலைத் தீவனத்தோடு கலப்பது காலையில் கலப்பதைவிடப் பயன் தரும். கோழி தனக்கு வேண்டிய உயிர்ச்சத்து சி-யைத் தானே உருவாக்கிக்கொள்ளும் உயிர்தான். ஆனால் வெப்ப அழுத்தத்தில் அந்த உற்பத்தி தேவைக்கு ஈடுகொடுப்பதில்லை. அரிந்த நெல்லிக்காயைத் தீவனத்தில் சேர்ப்பது அக்குறையை ஓரளவு ஈடுசெய்யும்.

குடிநீரை வாயகன்ற மண்சட்டியில், நிழலில், ஒன்றுக்கு இரண்டு இடங்களிலாவது வைக்க வேண்டும். மண்சட்டியின் துளைகள் வழியாகக் கசியும் நீர் ஆவியாகி உள்ளிருப்பதைக் குளிர்விக்கிறது. வெயிலில் கிடக்கும் பிளாஸ்டிக் பாத்திரத்து நீர் சூடேறிவிட்டால், தாகம் இருந்தும் கோழி அதைத் தொடத் தயங்கும். மாடித் தொட்டியிலிருந்து வரும் குழாயில் நண்பகலில் முதலில் இறங்கும் நீர் கைபொறுக்காத சூட்டில் இருக்குமென்பதால் அதைப் பிடித்து ஆறவைத்தே ஊற்ற வேண்டும். குஞ்சுகள் தவறி விழுந்து மூழ்காதபடி சட்டிக்குள் நாலு கூழாங்கல் போடுவது பழைய வழக்கம். சட்டியைத் தரையில் வைப்பதைவிட ஒரு கறிவேப்பிலைக் கன்றின் தூரில் வைத்தால், சிந்துவதும் மாலையில் மாற்றிக் கொட்டுவதும் கன்றுக்கே போய்ச் சேரும். இறக்கையைத் தொங்கவிட்டு, கண் சொருகி, நிற்கமாட்டாமல் சாயும் கோழியை உடனே நிழலுக்குக் கொண்டுபோய், தலையை வெளியே வைத்து உடலையும் கால்களையும் சாதாரணக் குளிர்நீரில் நனைத்து, தெளிந்த பிறகு உப்பும் வெல்லமும் சிறிது கரைத்த நீரைத் தானாகக் குடிக்கவிட வேண்டும். மயங்கிக் கிடக்கும்போதே வாயில் நீரைப் புகட்டினால் அது மூச்சுக்குழாயில் இறங்கிவிடும்.

தோட்டத்தின் பக்கம் வந்தால், கோடையில் எதைப் பயிரிடுவது என்பதைவிட எதைக் கைவிடுவது என்பதே கடினமான முடிவு. தக்காளியின் மகரந்தம் பகலில் 35 டிகிரியைத் தாண்டும் வெப்பத்தில் வீரியம் இழப்பதால், செடி எவ்வளவு பசுமையாக நின்றாலும் பூ உதிர்ந்துகொண்டே இருக்கும். அதற்கு ஊற்றும் நீர் பெரும்பாலும் இலையை வளர்க்கவே செலவாகும். சுரை, பூசணி, பாகல் வகைக் கொடிகளில் வெப்பம் மிகும்போது ஆண்பூக்கள் பெருகிப் பெண்பூக்கள் குறைகின்றன. கொடி நிறையப் பூத்தும் பிஞ்சு பிடிக்கவில்லையே என்று உரம் வைப்போர், சற்றே வெப்பம் தணிந்ததும் அது தானே சரியாவதைக் காணலாம். வெண்டை, கொத்தவரை, தட்டைப்பயறு ஆகிய மூன்றும் வெயிலுக்கு அஞ்சாதவை. இவற்றோடு தண்டுக்கீரையும், நிலைத்து நிற்கும் முருங்கை, அகத்தி, கறிவேப்பிலை, பப்பாளி ஆகியவையும் சேர்ந்தால் ஒரு குடும்பத்தின் கோடைக் கறிக்குப் பெருங்குறை நேராது.

அயலூர்ப் புத்தகங்களைப் பார்த்து மேட்டுப்பாத்தி அமைப்பது இன்று பரவலாகியிருக்கிறது. மழைநீர் தேங்கி வேர் அழுகும் ஈரநாடுகளுக்கும், ஐப்பசி, கார்த்திகை மாதங்களுக்கும் அது ஏற்றதே. சித்திரையிலோ உயர்ந்து நிற்கும் மண் நாற்புறமும் காற்றுப்பட்டுக் காய்ந்துபோகும். வறண்ட நிலத்துக்கு உரியது தாழ்பாத்தி: நிலமட்டத்துக்கு ஒரு சாண் கீழே மண்ணை எடுத்து, எடுத்த மண்ணைச் சுற்றிலும் வரப்பாகக் கட்டி, அடியில் மட்கிய எருவை இட்டு நடும்போது, ஊற்றிய நீர் ஓடிவிடாமல் நிற்கிறது, வரப்பும் சூடான காற்றைத் தடுக்கிறது. அதன் மேல் நாலு விரற்கடை உயரத்துக்குச் சருகு, வைக்கோல், கரும்புச் சோகை எது கிடைத்தாலும் பரப்புவதே மூடாக்கு எனப்படுவது. மே மாத நண்பகலில் வெற்று மண்ணின் மேற்பரப்பு 50 டிகிரியைத் தாண்டுவதுண்டு. அந்த மேல்மண்ணில் பரவும் வேர்கள் எவ்வளவு நீர் ஊற்றினாலும் அதை உறிஞ்ச இயலாமல் வெந்துபோகின்றன. மூடாக்கு இந்த வெப்பத்தை வெகுவாகத் தணிப்பதோடு, ஈரம் மண்ணிலிருந்து நேரடியாக ஆவியாவதையும் தடுக்கிறது.

பானைப் பாசனமும் சிறிய தோட்டத்துக்கு மிகப் பொருத்தமானது. மெருகிடாத ஐந்து முதல் பத்து லிட்டர் மண்பானையைக் கழுத்தளவு புதைத்து, நீர் நிரப்பி மூடி, சுற்றிலும் மூன்று நான்கு செடிகள் வைத்தால், மண் காயும் அளவுக்கேற்ப நீர் பானையின் துளைகள் வழியே கசிந்து நேராக வேருக்குப் போகிறது. கி.மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த சீன வேளாண் நூலொன்றில் இம்முறை விவரிக்கப்பட்டிருக்கிறது. உப்பு மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீர் நாளடைவில் துளைகளை அடைத்துவிடும் என்பதே இதன் குறை. பானை இல்லாத பாத்திகளுக்கு நாள்தோறும் மேலாகத் தெளிப்பதைவிட, மூன்று நாளுக்கு ஒருமுறை மாலையில் ஆழமாக நனையும்படி விடுவது வேரைக் கீழ்நோக்கி இழுக்கும். பூசணியின் இலை நண்பகலில் துவண்டு தொங்குவது பெரும்பாலும் தாகத்தால் அன்று. வேர் தருவதைவிட வேகமாக நீர் ஆவியாவதால் நேரும் தற்காலிக வாட்டம் அது. பொழுது சாய்ந்த பின்னும் நிமிராத இலைக்குத்தான் தண்ணீர் வேண்டும்.

அரிசி, பருப்பு, காய்கறி கழுவிய நீரை எந்தச் செடிக்கும் ஊற்றலாம். குளித்த நீரையும் துவைத்த நீரையும் பற்றி மட்டும் சற்று எண்ணிப்பார்க்க வேண்டும். சலவைத்தூளில் உள்ள சோடியம் களிமண்ணின் துகள்களைப் பிரித்து, மண்ணை இறுகவைத்து, நீர் உள்ளிறங்காதபடி செய்துவிடும். ஆகவே சலவை நீரைக் கீரைப் பாத்திக்குத் திருப்புவது கேடு. குளியலறை நீர் மட்டும் வாழை, சேம்பு, கல்வாழை நட்ட குழிக்குப் போகும்படி வாய்க்கால் வெட்டுவது அனுபவத்தில் நிலைத்த ஏற்பாடு. நீரை மிகுதியாகக் குடிக்கும் வாழைக்கு இந்தக் கழிவுநீரைத் தவிர வேறு நீரைக் கோடையில் செலவிடத் தேவையில்லை.

கோழியும் தோட்டமும் மோதிக்கொள்ளும் இடம் மூடாக்குதான். சருகைக் கிளறி அடியிலுள்ள புழுவைப் பொறுக்குவது கோழியின் பிறவிக் குணம். அரைநாள் உழைத்துப் பரப்பிய மூடாக்கை நான்கு பெட்டைகள் அரைமணி நேரத்தில் பாதைக்குத் தள்ளிவிட்டு, ஈரமான வேரடியில் குழி பறித்துப் படுத்துக்கொள்ளும். அவை தேடுவது குளிர்ந்த மண்ணை. ஆகவே மரத்தடியில் தளர்ந்த மண்ணும் அடுப்புச் சாம்பலும் கலந்த ஒரு குழியை மண்குளியலுக்கென்று தனியே அமைத்துக்கொடுத்தால் பாதித் தொல்லை ஓயும். பேனும் செள்ளும் குறைவது அதனோடு வரும் ஆதாயம். மீதித் தொல்லைக்கு மூடாக்கின் மேல் இலந்தை முள்ளோ பனைமட்டையோ பரப்பலாம், பழைய மீன்வலையைக் கட்டலாம். அறுவடை முடிந்து காலியான பாத்திக்குள் கோழிகளைத் தாராளமாக விடலாம்: கூட்டுப்புழு, வெட்டுப்புழு, களைவிதை எதையும் அவை மிச்சம் வைப்பதில்லை.

வறண்ட காலத்தில் மூடாக்குக்குக் கரையான் வந்துவிடும் என்று அஞ்சுவோர் உண்டு. காய்ந்த சருகைத் தின்னும் கரையான், நீர் காணாமல் வாடிய செடியைத்தான் பெரும்பாலும் தொடும். தூரைச் சுற்றி ஒரு கையகலம் மூடாக்கு இல்லாமல் விட்டால் போதும். கோழி வளர்ப்போருக்கோ அது இலவசத் தீவனம். பழைய பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம், ஓலைத் துண்டு ஆகியவற்றை அடைத்து, நீர் தெளித்து, கரையான் நடமாடும் இடத்தில் மாலையில் கவிழ்த்து வைத்தால், மறுநாள் காலையில் பானைக்குள் கரையான் மொய்த்திருக்கும். வெயில் ஏறுமுன் அதைக் குஞ்சுகளுக்குத் தட்டிவிடுவது தமிழ்நாட்டுக் கிராமங்களில் நெடுநாளாக உள்ள பழக்கம். புரதம் மிகுந்த அத்தீனி, கடையில் வாங்கும் குஞ்சுத் தீவனத்தின் செலவை நன்றாகவே குறைக்கிறது.

எருவைப் பொறுத்தவரை பொறுமை வேண்டும். கோழிக் கழிவில் தழைச்சத்து மாட்டுச் சாணத்தில் உள்ளதைப்போலப் பலமடங்கு; அதைக் கோடையில் பச்சையாகச் செடியடியில் இட்டால் வேர் கருகும், சத்தும் அம்மோனியாவாகக் காற்றில் போகும். சருகோடு அடுக்கடுக்காகக் கலந்து நிழலில் குவித்து, அவ்வப்போது நீர் தெளித்து, இரண்டு மூன்று மாதம் மட்கவிட்டால் ஆடிப்பட்டத்துக்கு அது தயாராகும்.

வெண்டையை இந்நாளில் வாட்டுபவை இரண்டு. வெள்ளை ஈ பரப்பும் மஞ்சள் நரம்புத் தேமலுக்கு மருந்தில்லை. நரம்பு மஞ்சளித்த செடியைக் கண்டவுடன் பிடுங்கிவிட வேண்டும். இலையின் அடியில் மெல்லிய வலை பின்னி வாழும் செஞ்சிலந்தி வறண்ட வெப்பத்தில் பெருகுவது. வாரம் இருமுறை இலையடியில் நீரைப் பீய்ச்சினாலே அது வெகுவாக அடங்கும்.

அடை வைப்பதிலும் காலம் பார்க்க வேண்டியிருக்கிறது. கருமுட்டையின் உள்ளே உயிர் வளரத் தொடங்க 37.5 டிகிரி முழுமையும் தேவையில்லை. 21 டிகிரி அளவைத் தாண்டினாலே கரு மெல்ல அசையத் தொடங்கிவிடும். சித்திரையில் வீட்டுக்குள்ளேயே 35 டிகிரி இருக்கும்போது, ஒரு வாரம் கூடையில் சேர்த்துவைத்த முட்டைகளில் கரு அரைகுறையாக வளர்ந்து மடிந்து, பின்னர் அடைக்கு வைத்ததும் கூமுட்டையாகிவிடுகிறது. நாளுக்கு இருமுறை முட்டையைப் பொறுக்கி, ஈரமணலின் மேல் அமர்த்திய மண்பானைக்குள் கூர்முனை கீழே இருக்கும்படி வைத்து, ஐந்தாறு நாட்களுக்குள் அடைக்கு வைப்பது இழப்பைக் குறைக்கும். பொதுவாகத் தை, மாசியில் பொரிந்த குஞ்சுகள் கத்திரிக்குள் இறகு முளைத்துத் தேறிவிடுகின்றன. கத்திரியில் பொரிந்தவை பிழைப்பது அரிது. தென்மாவட்டங்களில் சிறுவிடை எனப்படும் சிற்றுருவ நாட்டினம் அடைகாப்பதிலும் குஞ்சைப் பேணுவதிலும் பெயர் பெற்றது. இருந்தும் அதையும் கோடையில் அடைக்கு வைக்க நேர்ந்தால், வீட்டின் மிகக் குளிர்ந்த அறையில், காலையும் மாலையும் இறங்கி நீர் குடிக்கச் சட்டி அருகிருக்க வைக்க வேண்டும்.

நோய்களில் வெள்ளைக்கழிச்சல் முதன்மையானது. 1927இல் இன்றைய உத்தராகண்டின் இராணிக்கேத்தில் இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டதால் அவ்வூர்ப் பெயராலும் வழங்கும் இந்த வைரசு நோய், தமிழ்நாட்டில் கோடையில் ஊர் ஊராகக் கோழிகளை வாரிக்கொண்டு போவது. வந்த பின் சிகிச்சை இல்லை. குஞ்சுக்கு ஏழாம் நாளில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து, எட்டாவது வாரத்தில் இறக்கையடியில் ஊசி என்பது பொதுவான முறை. கால்நடை பராமரிப்புத் துறை ஆண்டுதோறும் பிப்ரவரி வாக்கில் நடத்தும் தடுப்பூசி முகாம் கோடைக்கு முன்பே காப்பு ஏற்படட்டும் என்ற கணக்கில் அமைந்தது. அதைத் தவறவிட்டுவிட்டு மே மாதத்தில், ஏற்கெனவே வெயிலில் நைந்த கோழிக்கு ஊசி போட ஓடுவது தாமதமான செயல். மரத்தில் அடையும் கோழிகளைப் பிடித்து ஊசி போட இயலாத வீடுகளுக்கென்று தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் தீவனம்போல் தின்னக்கூடிய குருணை வடிவத் தடுப்பு மருந்தையும் உருவாக்கியிருக்கிறது. கொசுக்கள் பரப்பும் அம்மைக்கும் தனியே தடுப்பூசி உண்டு. குடிநீர்ச் சட்டியை நாள்தோறும் கவிழ்த்துக் கழுவுவது அந்தக் கொசுக்களைப் பெருகவிடாமலும் செய்யும்.

கோடைமழையின் முதல் பெருந்தூறல் செடிக்கு நல்லது, கோழிக்கு ஆபத்தானது. மாதக்கணக்கில் காய்ந்து கிடந்த எச்சமும் தூசும் ஒரே இரவில் ஈரமாகும்போது, இரத்தக்கழிச்சலை உண்டாக்கும் ஒட்டுண்ணியின் முட்டைகள் ஓரிரு நாட்களில் நோய் தரும் நிலைக்கு முற்றிவிடுகின்றன. மூன்று முதல் எட்டு வாரக் குஞ்சுகளே அதற்குப் பெரும்பாலும் இரையாகின்றன. ஆகவே வானம் கறுக்கும் முன்பே கூண்டின் அடிப்படுகையை வாரி எருக்குவியலில் சேர்த்து, தரையில் சுண்ணாம்புத்தூள் தூவி, புதிதாக உமியோ மணலோ பரப்பி வைக்க வேண்டும். தரிசாக விட்ட பாத்திகளின் சருகை அதே வாரத்தில் விலக்கி, கோழிகளைப் பத்து நாள் மேயவிட்டு, பின்னர் வேலியடைத்துவிட்டால், மண்ணில் விழுந்த எச்சம் ஆடி விதைப்புக்குள் மட்கிவிடும்.